சிறுவர் மன்றத்தில் தைக்கும் தடுக்கு மெத்தைகள்

மாலை வேளையில் சிறுவர் சிறுமியர் ஒன்றுகூடிப் படிக்கவும் பாடவும் கதை கேட்கவும் செய்யும் மன்றங்கள் நம் கிராமங்கள் பலவற்றில் நடைபெற்று வருகின்றன. சில ஊர்களில் அவை நூலகத்தை ஒட்டி நடக்கின்றன. வேறு சில ஊர்களில் கோயில் முன்றிலிலோ வேப்பமரத்தடியிலோ ஊராட்சிக் கட்டடத்தின் வாசலிலோ கூடுகின்றன. 2021-ஆம் ஆண்டில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டபோது தெருத் திண்ணைகளும் மரத்தடிகளுமே எத்தனையோ ஊர்களில் மாலைப் பள்ளிகளாயின. இத்தகைய இடங்களில் கரும்பலகை ஒன்று எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது, புத்தகங்களும் சேர்ந்துவிடுகின்றன, கற்றுக்கொடுக்க வருபவருக்கு யாராவது ஒரு வீட்டிலிருந்து நாற்காலியும் வந்துவிடுகிறது. குழந்தை எதன்மீது உட்காருவது என்ற கேள்வி மட்டும் எவருக்கும் எழுவதில்லை. தரை இருக்கிறதே என்று எண்ணிவிடுகிறோம்.

தரை எப்போதும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அது ஈரம் ஊறிக் கிடக்கும். சித்திரையில் மாலை ஆறு மணியானாலும் சூடு ஆறாது. இவற்றையாவது குழந்தைகள் பொறுத்துக்கொள்வர். பொறுத்துக்கொள்ளக் கூடாதது ஒன்று உண்டு. மலம் கலந்த ஈர மண்ணில் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் வளர்ந்து, மனிதரின் தோலைத் துளைத்து உடலினுள் சென்று குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகின்றன. பெரும்பாலும் வெறுங்காலின் வழியாகவே அவை நுழைகின்றன என்றாலும், மண்ணைத் தொட்டிருக்கும் தோல் எதுவாயினும் அவற்றுக்கு வாயில்தான். நாய், பூனைகளின் கொக்கிப்புழு மற்றொரு வகை. அது மனித உடலினுள் ஆழச் செல்ல இயலாமல் தோலின் அடியிலேயே வளைந்து வளைந்து ஊர்ந்து, சிவந்த கோடுகளையும் உறக்கம் கெடுக்கும் அரிப்பையும் உண்டாக்கும். நாய்கள் படுத்துறங்கும் மணலில் அரைக்கால் சட்டையோடு அமரும் பிள்ளைகளின் தொடையிலும் பிட்டத்திலும் இக்கோடுகள் தோன்றுவதுண்டு. பலர் இதைச் சொறி, படை என்று எண்ணி ஏதேதோ களிம்பு தடவுகிறார்கள். மருத்துவரிடம் காட்டினால் மருந்தால் எளிதில் குணமாகும்.

கழிப்பறையும் காலணியும், பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அளிக்கப்படும் குடற்புழு நீக்க மாத்திரையும் செய்யவேண்டிய காரியத்தை ஓர் இருக்கை செய்துவிடாது. ஆயினும் மண்ணுக்கும் குழந்தையின் உடலுக்கும் இடையே இரண்டு அங்குலக் கனத்தில் ஒன்று இருப்பது நல்லது. அதைக் குழந்தைகளே தைத்துக்கொள்ள முடியும் என்பதே இங்கு நாம் கூறவந்த விஷயம்.

தடுக்கு என்ற சொல் நமக்குப் புதிதன்று. பனையோலையிலும் தென்னங்கீற்றிலும் ஒருவர் உட்காரும் அளவுக்கு முடைந்த சிறு பாயையே நம் பாட்டிமார் தடுக்கு என்றனர். விருந்தினர் வந்தால் முதலில் தடுக்கைப் போட்டு, பிறகுதான் தண்ணீர்ச் செம்பை நீட்டுவார்கள். தவழும் பருவம் வராத பிள்ளையைத் தடுக்குப் பிள்ளை என்று சொல்லும் வழக்கமும் உண்டு. நெகிழி நாற்காலி வீடுதோறும் வந்தபின் தடுக்கு மறைந்தது. அதை முடையத் தெரிந்த கைகளும் குறைந்தன. அயல்நாடுகளில் சாரணச் சிறுமியர் பழைய செய்தித்தாளைப் பின்னி, மேலே நீர் புகாத உறையிட்டு, பாசறைக்குச் செல்லும்போது உட்காருவதற்கென எடுத்துச் செல்கின்றனர். அதுவும் ஒருவகைத் தடுக்கே. நம் ஊரில் இலவம் பஞ்சும் தேங்காய் நாரும் இருக்க, நாம் அதைவிட நல்லதைச் செய்ய இயலும்.

எதை அடைப்பது?

மெத்தையின் உயிர் அதனுள் அடைக்கப்படும் பொருளில் இருக்கிறது. பருத்திப் பஞ்சு மென்மையானது. ஆனால் நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஒருமுறை நனைந்தால் உலர நாளாகும். உலர்ந்தபின் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். வெளியிடத்தில் போட்டு உட்காரும் மெத்தைக்கு அது ஏற்றதன்று. இலவம் பஞ்சின் இயல்பு வேறு. அதன் இழை ஒவ்வொன்றும் உள்ளே காற்று நிறைந்த மெல்லிய குழாய். மேலே இயற்கையாகவே மெழுகுப் பூச்சு உண்டு. ஆகவே நீர் அதனுள் எளிதில் புகாது. நீரில் போட்டால் மிதக்கும். கடலில் செல்வோர் அணியும் உயிர்காப்புச் சட்டைகளில் நெடுங்காலம் இப்பஞ்சையே அடைத்துவந்தனர். இழை வழுவழுப்பாக இருப்பதால் அதைத் தனியே நூலாக நூற்பது கடினம். நூற்க உதவாத அக்குணமே மெத்தைக்கு வாய்ப்பாயிற்று.

இலவம் காய்கள் பங்குனி, சித்திரையில் முற்றி வெடிக்கும். தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூர்ப் பகுதி இலவம் பஞ்சுக்குப் பெயர் பெற்றது. மற்ற ஊர்களிலும் வயல் வரப்பிலோ பள்ளி வளாகத்திலோ ஓரிரு மரங்கள் நிற்பதைக் காணலாம். இலவு காத்த கிளி ஏமாந்தது பழம் கிடைக்கும் என்று நம்பியதால். பஞ்சை எதிர்பார்த்துக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஏமாற்றம் இல்லை. காய்களைப் பறிப்பது பெரியவர் வேலை. இளமரத்தின் அடிமரத்தில் முள் இருக்கும், கிளைகளும் உறுதியற்றவை. பிள்ளைகளை மரமேற விடுதல் கூடாது. நீண்ட தொரட்டியால் பறித்தோ, தானே உதிர்ந்தவற்றைப் பொறுக்கியோ சேர்க்கலாம். ஓட்டை உடைத்துப் பஞ்சை ஆழமான கூடையிலிட்டு, நுனி கவைத்த குச்சியால் கிண்டினால் விதைகள் அடியில் தங்கும். விதையோடு அடைத்த மெத்தை உட்காருவோரை உறுத்தும்; அவ்விதைகளைத் தேடி எலியும் வரும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகளை அழுத்திக் கூறுதல் அவசியம். இலவம் பஞ்சு கிண்டும்போது நுண்ணிய தூசி பறக்கும். காற்று வீசாத, ஆனால் கதவு சன்னல் திறந்த இடத்தில், அனைவரும் மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் கட்டிக்கொண்டு வேலை செய்ய வேண்டும். இளைப்பு உள்ள பிள்ளையை அன்றைக்கு அவ்விடத்தை விட்டு விலக்கி, உறை தைக்கும் வேலையைக் கொடுப்பது நலம். இரண்டாவது, தீ. ஒரு பீடித் துண்டின் பொறி போதும், கூடை முழுவதும் கண் இமைப்பதற்குள் பற்றிக்கொள்ளும். விளக்கு, அடுப்பு, கொசுவர்த்தி எதுவும் அருகில் இருத்தலாகாது. தைத்து முடித்த மெத்தைக்கும் இவ்விதி பொருந்தும்.

இலவம் கிடைக்காத ஊர்களில் தேங்காய் நார் உண்டு. மட்டைகளைச் சில நாள் நீரில் ஊறவைத்து, கட்டையால் நன்கு அடித்து, நாரைப் பிரித்தெடுத்து உதறவேண்டும். நாரோடு ஒட்டியிருக்கும் பழுப்புத் தூளை முற்றிலும் நீக்குதலே இதில் முக்கியம். அத்தூள் தன் எடையைப் போல் பல மடங்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தோட்டத்திற்கு அது நன்மை, மெத்தைக்குக் கேடு. நாரை இருமுறை அலசி, வெயிலில் உலர்த்தி, கையால் கோதிச் சுருள் சுருளாக்கி அடைத்தால் மெத்தை எளிதில் அமுங்காது. நாரின் முனை துணியைத் துளைத்துக் குத்தும் ஆதலால் உள்ளுறைக்குச் சணல் சாக்கு வேண்டும்.

வைக்கோலை அடைக்கலாமா என்று கேட்பவர் உண்டு. முதல் வாரம் மிகவும் நன்றாக இருக்கும்; மழை ஒன்று பெய்தபின் அதன் வாடையே நமக்கு விடை கூறிவிடும். கந்தல் துணியை நாடா நாடாகக் கிழித்து அடைப்பது அதனினும் மேல். ஆனால் மெத்தை கனக்கும். கிழிந்த கோரைப்பாய் வீட்டில் கிடந்தால், மடிப்பில் ஒடிந்த பகுதியை விலக்கி நல்ல பகுதியை வெட்டி, ஓரம் பிரியாமல் துணிக் கரை கட்டி, உறையின் அடியில் ஒரு தட்டாக வைக்கலாம். அதன்மேல் மெல்லிய அடைப்பே போதும்.

துணியும் கணக்கும்

எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பதினைந்து அங்குலச் சதுரம் போதுமான அளவு. தையலுக்கு ஒவ்வோர் ஓரத்திலும் அரை அங்குலம் விடவேண்டுமாதலால் பதினாறு அங்குலமாக வெட்டுதல் வேண்டும். நாம் இரண்டு உறைகள் செய்யப்போகிறோம். பஞ்சை அடக்கும் உள்ளுறை ஒன்று. கழற்றித் துவைக்கத்தக்க மேலுறை மற்றொன்று.

உள்ளுறைக்கு நெருக்கமான நெசவுள்ள பழைய நூற்புடவை ஏற்றது. இழை நெகிழ்ந்த துணியில் இலவம் பஞ்சு பிதுங்கி வெளியே வந்துவிடும். அதனால் துணியை இரட்டையாக வைத்துத் தைக்கிறோம். ஓர் உள்ளுறைக்கு நான்கு சதுரங்கள் தேவை. இவ்விடத்தில் கத்தரிக்கோலைக் கையில் எடுக்குமுன் பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லவேண்டும். புடவையின் அகலம் 45 அங்குலம். நீளம் ஐந்தரை மீட்டர், அதாவது ஏறக்குறைய 216 அங்குலம். அகலத்தில் இரண்டு சதுரம், நீளத்தில் பதின்மூன்று சதுரம், ஆக 26. நைந்த இடங்களைத் தள்ளினால் இருபது தேறும். அப்படியானால் ஒரு புடவையில் ஐந்து உள்ளுறைகள். பதினைந்து பிள்ளைகளுள்ள மன்றத்திற்கு மூன்று புடவைகள். அகலத்தில் மிஞ்சும் பதின்மூன்று அங்குலப் பட்டையை என்ன செய்வது என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். கட்டும் நாடாவுக்கு அதுவே ஆகும். புத்தகத்தில் பெருக்கலும் வகுத்தலும் கசந்த பிள்ளைகள், அம்மாவின் புடவை ஒரு சதுரம்கூட வீணாகக் கூடாது என்னும்போது ஆர்வத்தோடு கணக்கிடுவதைக் காணலாம். கைத்தொழிலின் வழியே கல்வி என்று 1937-இல் காந்தியடிகள் வார்தாவில் முன்வைத்த கொள்கைக்கு இதைவிட எளிய உதாரணம் தேடவேண்டியதில்லை.

மேலுறையின் மேற்பக்கத்திற்குப் பழைய படுக்கை விரிப்பும், தரையைத் தொடும் அடிப்பக்கத்திற்கு அரிசி வரும் நெகிழிப் பையும் கொள்ளலாம். மேலுறையின் ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டுமாகையால் அவ்வோரத்தை மடித்துத் தைக்க ஓர் அங்குலம் கூட்டி, பதினாறுக்குப் பதினேழாக வெட்டவேண்டும். 60 அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் உள்ள விரிப்பில் பதினைந்து துண்டுகள் கிடைக்கும். பழைய விரிப்பு நடுவில் நைந்திருக்கும் என்பதால் இரண்டு வைத்துக்கொள்வது நல்லது. 25 கிலோ அரிசிப் பை ஒன்றில் பக்கத்துக்கொன்றாக இரண்டு துண்டுகள் எடுக்கலாம். உரச்சாக்கு பெரிது, நான்கு துண்டுகள் வரும். ஆனால் அதைப் பெரியவர்கள் பலமுறை அலசிக் காயவைத்துத் தந்தாலன்றிப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாகாது. அலசிய நீர் கிணற்றிலும் குளத்திலும் சேரக் கூடாது. பூச்சிமருந்து வந்த பை எதுவாயினும், எத்தனை முறை கழுவியிருந்தாலும் வேண்டாம்.

தையல்

உள்ளுறைக்குரிய நான்கு சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூன்று பக்கமும் பின்தையல் போட வேண்டும். ஊசியை ஒரு தையல் முன்னே குத்தி, அரைத் தையல் பின்னே வந்து மறுபடி குத்துவது பின்தையல். ஓட்டுத் தையல் விரைவில் முடியும். ஆயினும் ஓர் இழை அறுந்தால் முழுவதும் பிரிந்துவிடும். பிள்ளைகள் அவசரத்தில் ஓட்டுத் தையலுக்கே தாவுவர். அதற்கு வாதம் வேண்டாம். இரண்டு விதமாகவும் தைத்த துண்டுகளைக் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொன்னால் போதும். நான்காம் பக்கத்தில் மூலைகளிலிருந்து சற்றுத் தூரம் தைத்து, நடுவில் ஆறு அங்குல வாய் விட்டு, உள்வெளியாகத் திருப்ப வேண்டும். திருப்பும்போது உள்ளிருக்கும் இரண்டு துணிகளுக்கு நடுவில் கையை விடவேண்டும் என்பதைக் காட்டிக்கொடுத்தல் அவசியம். அப்போதுதான் இருபுறமும் துணி இரட்டையாக நிற்கும்.

இனி அடைப்பு. ஒரு மெத்தைக்கு இலவம் பஞ்சு கால் கிலோ முதல் 300 கிராம் வரை பிடிக்கும். முதலில் நான்கு மூலைகளையும் நிரப்பி, பின்னர் ஓரம், கடைசியில் நடு என்ற வரிசையில் அடைக்க வேண்டும். நடுவை முதலில் நிரப்பினால் மூலைகள் காது தொங்கியதுபோல் வெறுமையாய் நிற்கும். அளவுக்கு மீறி அடைத்தால் மெத்தை பந்துபோல் உருண்டு, உட்கார்ந்த பிள்ளை சரிந்து விழும். வாயைத் தைத்து மூடியபின், கோணி ஊசியில் கெட்டியான நூலைக் கோத்து, நடுவில் ஒன்றும் நான்கு மூலைகளை நோக்கி ஒவ்வொன்றுமாக ஐந்து இடங்களில் மேலிருந்து கீழாகக் குத்தி வாங்கி இறுக்கி முடிச்சிட வேண்டும். நூல் துணியைக் கிழிக்காதிருக்க ஒவ்வொரு முடிச்சின் அடியிலும் துணித்துண்டு ஒன்றை வைப்பது மெத்தை தைப்பவர்கள் அறிந்த வழி. இந்த ஐந்து முடிச்சுகள் இல்லையேல் ஒரே மாதத்தில் பஞ்சு முழுவதும் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். மெத்தை தைக்கும் தொழிலாளர் எவரேனும் அருகில் இருந்தால் அன்றைக்கு அவரையே அழைத்து முதல் மெத்தையை முடிச்சிடச் செய்யலாம். நாம் ஒரு பக்கம் எழுதி விளக்குவதை அவர் கை ஒரு நிமிடத்தில் விளக்கிவிடும்.

மேலுறையில் மூன்று பக்கம் தைத்து, திறந்த ஓரத்தை இருமுறை மடித்துத் தைத்து, மூன்று இணை நாடாக்களைப் பொருத்தினால் வேலை முடிந்தது.

ஊசி பிடிக்க முடியாத ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளை வேடிக்கை பார்க்க வைக்கவேண்டியதில்லை. செய்தித்தாளின் விரித்த தாள்கள் இரண்டை ஒன்றாக வைத்து, நீளவாட்டில் இரண்டு அங்குல அகலப் பட்டையாக மடித்துக்கொண்டே வரச் செய்யலாம். இத்தகைய பட்டைகள் எட்டை நெடுக்காகவும் எட்டைக் குறுக்காகவும் வைத்து, பாய் முடைவதுபோல் ஒன்றுவிட்டு ஒன்று கோத்தால் பதினாறு அங்குலச் சதுரம் வரும். நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை மடக்கி உள்ளே செருகிவிடலாம். கழுவி உலர்த்திய பால் உறைகளைப் பெரியவர் ஒருவர் ஒன்றோடொன்று தைத்து உறையாக்கித் தந்தால் அத்தடுக்கு ஒரு பருவம் உழைக்கும்.

மன்றத்தை நடத்துவோருக்கு

ஐந்தாறு ஊசிகளுக்கு ஒரு பெரியவர் என்பது சரியான கணக்கு. மகளிர் சுயஉதவிக் குழுவில் தையல் அறிந்தவர் இருவர் மூவர் எப்படியும் இருப்பர். வேலை தொடங்குமுன் ஊசிகளை ஓர் அட்டையில் குத்தி எண்ணிக் கொடுக்க வேண்டும். முடிந்தபின் எண்ணி வாங்க வேண்டும். ஓர் ஊசி குறைந்தால் அது அகப்படும்வரை ஒருவரும் எழக்கூடாது. பிறர் உட்காரும் பொருளில் ஊசி தங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பிள்ளைகளுக்கு இருமுறை சொல்லவேண்டியிராது. ஒரே நாளில் முடிக்க முற்படாமல் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பகிர்ந்து செய்தால் கையும் வலிக்காது, ஆர்வமும் குன்றாது.

ஊசி பெண்பிள்ளைகளுடையது என்று கூறிக்கொண்டு பையன்கள் நழுவப் பார்ப்பது வழக்கம். ஊரில் சட்டை தைப்பவரும் மெத்தை தைப்பவரும் யார் என்று ஒரு கேள்வி கேட்டால் அந்தச் சாக்கு எடுபடாது.

மெத்தைகள் ஆனபின் எழும் கேள்வி ஒன்று சிறிதாகத் தோன்றினும் நாம் பெரிதாகக் கருதுவது. அவரவர் தைத்தது அவரவருக்கா, அல்லது அனைத்தும் மன்றத்துக்குப் பொதுவா? அவரவரிடம் கொடுத்தால் அக்கறையோடு காப்பார்கள் என்று சொல்வோர் உண்டு. அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆயினும் நாம் பொதுவாக வைத்தலையே பரிந்துரைக்கிறோம். யார் எங்கே உட்காருவது, யார் உட்கார்ந்த இடத்தில் யார் உட்காருவதில்லை என்ற வழக்கு இன்னும் நம் ஊர்களை விட்டு முழுமையாக அகலவில்லை. தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு 1950 முதல் நடைமுறையில் இருக்கிறது. திண்ணையில் மட்டும் சில இடங்களில் அது வந்து சேரத் தாமதிக்கிறது. பெயர் தைத்த மெத்தை ஒரு வீட்டின் மெத்தையாகிவிடும். பிறகு அதை யார் தொட்டார்கள் என்று விசாரிக்க ஒரு பெரியவர் வருவார். ஆகவே மெத்தையில் பெயர் வேண்டாம். ஒன்று முதல் பதினைந்து வரை எண்ணை மட்டும் வண்ண நூலால் தைக்கச் செய்யலாம். அடுக்கிலிருந்து கைக்கு வந்ததை எடுத்து உட்காருவதே மன்றத்தின் விதியாக இருக்கட்டும். எவரேனும் பெற்றோர் மறுப்புத் தெரிவித்தால், நடத்துபவர் அமைதியாக, ஆனால் விட்டுக்கொடாமல் நின்றுகொள்ள வேண்டும். பிள்ளைகளைப் பொறுத்தவரை இது ஒரு சிரமமே அன்று. ஏழாம் எண் மெத்தைதான் எல்லாவற்றிலும் மெதுவானது என்று கண்டுபிடித்து அதற்கு ஓடிப் போட்டியிடுவதே அவர்களுக்குள் நடக்கும் வழக்கு.

பாதுகாப்பைப் பற்றிச் சில சொற்கள். மெத்தைகளை இரவில் வெளியே விடாமல், தரையிலிருந்து உயர்த்திய பலகைமேல் அடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை வெயிலில் இடுவதை முறைவைத்துப் பிள்ளைகளிடமே ஒப்படைக்கலாம். வெயில் பட்ட இலவம் பஞ்சு மறுபடியும் உப்பி வரும். அவ்வாறு இடும்போது துணிப் பக்கமே மேலே இருக்க வேண்டும். நெகிழிப் பை நெடுநேரம் வெயிலில் காய்ந்தால் சில மாதங்களில் நொறுங்கிச் செதில் செதிலாக உதிரும். உதிரத் தொடங்கியதை உடனே பிரித்து வேறு வைத்துத் தைக்க வேண்டும். கழித்த பையையும் வெட்டி மிஞ்சிய துண்டுகளையும் எரித்தல் கூடாது. ஊராட்சியின் குப்பை சேகரிப்பில் நெகிழிக்குரிய பகுதியில் சேர்க்க வேண்டும். மேலுறையை மாதம் ஒருமுறை கழற்றித் துவைக்கலாம். உள்ளுறையைத் துவைக்க வேண்டாம்; நனைந்துவிட்டால் பிழியாமல், இருபுறமும் மாற்றி மாற்றி வெயிலில் உலர்த்தினால் போதும். இலவம் பஞ்சு நாளடைவில் பொடிந்து அமுங்கும் இயல்புடையது. மெத்தை ஓர் அங்குலத்துக்கும் கீழே தணிந்துவிட்டால், முடிச்சுகளை அவிழ்த்து, ஓரத்தில் ஆறு அங்குலம் பிரித்து, ஒரு பிடி புதுப் பஞ்சைச் சேர்த்து மீண்டும் தைக்கலாம். பங்குனியில் காய் வெடிக்கும் காலமே அதற்கு ஏற்ற காலம்.